குடும்பிமலை ஒரே நாளில்: தண்ணீர், நேரம், இறங்கும் வழி

வாவிக்கரை (இழை தொடக்கம்)

ஆவணி விடுமுறையில் 6 பேர் மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலை ஏற இருக்கிறோம். எல்லோரும் 20 முதல் 35 வயது, நடந்து பழக்கம் உண்டு, மலை ஏறிப் பழக்கம் குறைவு. 534 மீற்றர்தானே என்று இப்படித் திட்டம் போட்டிருக்கிறோம்: காலை 9 மணிக்குக் கிரான், 11 மணிக்கு அடிவாரம், 1 மணிக்கு உச்சி, பொழுதுபட இறங்கி வாகனம். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர். கேள்விகள்: தண்ணீர் காணுமா, கயிறு வேணுமா, உச்சியில் ஒரு இரவு தங்கலாமா? பிழை இருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கோ.

முதிரைக்காடு

தம்பி, திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கோ. நீங்கள் எழுதிய நேரங்களில் ஒன்றுகூடச் சரியில்லை.

முதலில் உயரம். 534 மீற்றர் என்பது கடல் மட்டத்தில் இருந்து. ஆனால் நம்ம பக்கம் மலை சமவெளியில் இருந்து ஒரேயடியாக எழும்புகிறது. மலைநாட்டில் வாகனத்திலேயே பாதி உயரம் போய்விடலாம், இங்கே அதில் பெரும்பகுதியைக் காலால்தான் ஏற வேணும். உயரப் போகப் போகக் குளிரும் என்ற எண்ணமும் இங்கே உதவாது. 100 மீற்றருக்கு அரை பாகைக்குக் கொஞ்சம் கூடக் குறையும், அவ்வளவுதான். கீழே 36 என்றால் உச்சியில் 33. அதுவும் காற்றின் வெப்பநிலை மட்டும். வெயில் ஏறிய கல்லில் கை வைக்க ஏலாது.

ஆவணியில் கச்சான் காற்று இன்னும் அடங்கியிருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, காய்ந்து வருகிறது. அந்தக் காற்றில் வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்று ஆள் நினைத்துக்கொள்வார். தண்ணீர்க் கணக்கு பிழைப்பது அங்கேதான்.

மாசி, பங்குனிதான் இந்த மலைக்கு நல்ல காலம். காடு பச்சையாக இருக்கும், ஓடைகளில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், வெயிலும் தாங்கலாம். ஐப்பசியில் இருந்து தை வரை யோசிக்கவே வேண்டாம். முந்தனை ஆறு பெருகினால் கிரான் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும், படகுதான் ஓடும். ஆவணிதான் முடியும் என்றால் போகலாம், ஆனால் நேரத்தில் கண்டிப்பு வேணும்:

விடியும் வெளிச்சத்தில் புலிபாய்ந்தகல்லைக் கடக்க வேணும். 7 மணி அளவில் நடை. 10.30 ஆனால் எந்த இடத்தில் நின்றாலும் திரும்ப வேணும், உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் சரி. 1 மணிக்கு அடிவாரம். 4 மணிக்கு முன் வாகனம் காட்டுப் பாதையை விட்டு வெளியே.

கல்லாறு_நடை

தண்ணீர்: ஆளுக்கு 5 லீற்றர். 2 லீற்றர் என்பது காணவே காணாது.

கணக்கு இதுதான். இந்த வெயிலில் சுமையோடு ஏறும் ஒருவருக்கு மணிக்கு முக்கால் முதல் 1 லீற்றர் வரை வியர்வை போகும். 6 மணி நேர நடை என்றால் 4½ முதல் 6 லீற்றர். அதில் 4 லீற்றரைக் கையோடு கொண்டு போங்கோ. மிச்சத்தை அடிவாரத்தில் நிழலில், யானைக்கும் குரங்குக்கும் எட்டாதபடி வாகனத்துக்குள் பூட்டி வையுங்கோ. இறங்கி வந்து குடிக்க அதுதான். ஒரே பெரிய போத்தலில் கொண்டு போக வேண்டாம். ஒன்று உடைந்தால் எல்லாம் போய்விடும். 1½ லீற்றர் போத்தல்களாகப் பிரித்து வையுங்கோ.

தாகம் எடுக்கும்வரை பொறுக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை அளவு. வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்புக் குறைந்து தலையிடி, குமட்டல், தடுமாற்றம் வரும். பார்க்க வெயில் மயக்கம் போலவே இருக்கும், கூட நிற்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து அதை மோசமாக்கிவிடுவார்கள். அதனால் ஆளுக்கு 2 பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்). ஒரு பைக்கற்றுக்குச் சரியாக 1 லீற்றர். அரைப் போத்தலில் ஒரு பைக்கற்றைக் கரைத்துக் கெட்டியாகக் குடித்தால் வயிற்றைப் பிடிக்கும்.

பட்டிமேடு

“ஓடைகளில் கொஞ்சம் தண்ணீர்” எண்டு முதிரைக்காடு அண்ணன் எழுதினது மாசிக்குச் சரி. ஆவணியில அதை நம்பி ஒருத்தரும் போகாதீங்க. கல்லுக் குழியில பச்சையா நிக்கிற தண்ணி மாடும் யானையும் குழப்பின தண்ணி. குளோரின் குளிசை போட்டாலும் சேறு தெளியாட்டி அது வேலை செய்யாது. முதல்ல சாரத் துணியை நாலா மடிச்சு வடிகட்டி, மறுகா குளிசை போட்டு, அரை மணித்தியாலம் வைக்கோணும். அதுவும் அவசரத்துக்குத்தான்.

காலில வெட்டுக் காயத்தோட தேங்கின தண்ணிக்குள்ள இறங்கவும் வேணாம். எலிக்காய்ச்சல் வயல்ல மட்டும் வாறதில்ல.

வாவிக்கரை

நன்றி அண்ணன்மார். 5 லீற்றர், 7 மணி என்று மாற்றுகிறேன். ஆனால் வெயிலுக்குப் பயந்தால் 4 மணிக்கே இருட்டில் டோர்ச்சோடு ஏறத் தொடங்கலாமே? சிவனொளிபாதமலைக்கு அப்படித்தானே போகிறார்கள்?

முதிரைக்காடு

வேண்டாம். சிவனொளிபாதமலையில் படிக்கட்டு, விளக்கு, வழி நெடுகச் சனம். இங்கே 4 மணிக்குப் பாதையில் நிற்பது யானை.

யானை இரவெல்லாம் மேய்ந்து, வெயில் ஏறத்தான் அடர் காட்டு நிழலுக்குத் திரும்பும். பின்னேரம் 4.30க்குப் பிறகு மறுபடியும் வெளியில் வரும். அதனால்தான் இரண்டு பக்கமும் நேரத்தை இறுக்கினேன். வெயிலுக்கு முன் ஏற வேணும், யானைக்குப் பின் தொடங்க வேணும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி சின்னது.

பாதையில் யானை லத்தி கண்டால் மேலால் பார்த்துப் போய்விடாதீர்கள். பளபளப்பாக, ஈரமாக, சூடாக இருந்தால் யானை பக்கத்தில். முறித்த கிளையில் பச்சைச் சாறு கசிந்தாலும் அதே கதை. கையில் கொஞ்சம் தூள் மண்ணை எடுத்து விட்டுக் காற்றுத் திசை பாருங்கோ. காற்று உங்களிடம் இருந்து அதன் பக்கம் போனால் உங்கள் வாசம் பிடித்து விலகிவிடும், பெரும்பாலும். காற்று அதன் பக்கத்தில் இருந்து உங்களுக்கு வந்தால் அதற்கு நீங்கள் வருவது தெரியாது, திடீரென்று முகத்துக்கு முகம் சந்திப்பீர்கள். அதுதான் ஆபத்து. சமதரையில் யானையை ஓடி வெல்ல ஏலாது. பாறை அடுக்கு இருக்கும் பக்கமாக ஒதுங்குங்கோ, கால் வைக்க இடமில்லாத கல்லுக் குவியலுக்குள் அது வேகமாக வராது.

மருதமுனை_பறவை

கரடியை யாரும் சொல்லவில்லை. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில், வைகாசி முதல் ஆடி வரை, பாலை மரத்தடியில் கரடி நிற்கும், மரத்திலும் ஏறி இருக்கும். ஆவணியில் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. புற்றுத் தோண்டிய புதுக் குழி, மரத்தில் நகக் கீறல் கண்டால் கதைத்துக்கொண்டே போங்கள். கரடிக்குக் கண் மந்தம், புற்றைத் தோண்டும்போது காதும் கேட்காது. திடுக்கிட்டால்தான் பாயும். பாய்ந்தால் ஓட வேண்டாம். குப்புறப் படுத்து, விரல்களைப் பின்கழுத்தில் கோர்த்து, முகத்தை நிலத்தோடு அழுத்திக்கொள்ள வேண்டும். கரடி முகத்தைத்தான் கீறும்.

கல்லாறு_நடை

மருதமுனை அக்கா சொன்னது காட்டுக்குள் சரி. ஆனால் கல்லுச் சுவருக்குக் கீழே வந்ததும் அதையே மாற்ற வேணும். அங்கே வாயை மூடிக்கொள்ள வேணும்.

காரணம் மலைத்தேனீ. நம்ம நாட்டு இயற்கைக் கல்மலைகளில், நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை விளிம்புக்குக் கீழே பெரிய தேனீ தட்டுத் தட்டாகக் கூடு வைக்கும். சீகிரியாவில் எத்தனையோ தடவை ஆட்களைக் கொட்டியிருக்கிறது. அதைக் கிளப்புவது: மேலிருந்து உருண்டு விழும் கல், புகை, கூவிக் கத்துவது, வாசனைத் தைலம். அதனால் அன்றைக்கு வாசனைச் சவர்க்காரம், சென்ற் ஒன்றும் வேண்டாம். அடிவாரத்தில் நின்று தொலைநோக்கியால் சுவரைப் பார்த்துக் கறுப்பு வட்டங்களை எண்ணிக்கொள்ளுங்கோ. தேனீ இடம் மாறும் சாதி. போன வருசம் இல்லாத இடத்தில் இந்த வருசம் இருக்கும், ஆகவே பழைய படத்தை நம்ப வேண்டாம்.

கிளம்பிவிட்டால்: கையை வீசாதே, முகத்தைத் துணியால் மூடு, வந்த வழியே அடர் பற்றைக்குள் ஓடு. பல நூறு மீற்றர் துரத்தும். நிற்க வேண்டாம். கொடுக்கை எப்படியாவது உடனே எடுங்கோ, நகத்தால் சுரண்டினாலும் சரி. தாமதம்தான் கெடுதி. மூச்சு முட்டினால், உதடு வீங்கினால், அல்லது நிறையக் கொட்டு வாங்கியிருந்தால் குளிசையோடு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி.

உறுகாமம்

இந்த இழையில் இன்னும் வராத ஒரு விசயம்: கட்டுத்துவக்கு. பன்றிக்கும் மரைக்கும் மிருகங்கள் போகும் ஒற்றையடிப் பாதையில் குறுக்காக நூல் கட்டி வைப்பார்கள். குழல் முழங்கால் உயரத்தில் பாதையைப் பார்த்து நிற்கும். சட்டவிரோதம்தான், ஆனாலும் வைக்கிறார்கள். சக்கைவெடி என்று தின்பண்டத்துக்குள் பொதிந்து போடுவதும் உண்டு. நிலத்தில் கிடக்கும் எதையும் காலால் தட்டாதீர்கள்.

வாவிக்கரை

முன்னால் போகிறவர் ஒரு நீளக் கம்பை முன்னுக்கு நீட்டிக்கொண்டு போனால் நூல் தட்டுப்படுமே?

உறுகாமம்

வேண்டவே வேண்டாம் தம்பி. கம்பால் நூலைத் தள்ளினால் துவக்கு வெடிக்கும். பக்கவாட்டில், சரிவாக, எந்தக் கோணத்தில் குழல் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஈயச் சன்னம் விரிந்து வரும்.

செய்ய வேண்டியது இதுதான். மாடு தினமும் போய் வரும் பட்டிப் பாதையை விட்டு விலகாதீர்கள். மாடு நடக்கும் பாதையில் கட்டினால் மாடுதான் சாகும், பட்டிக்காரர் விடமாட்டார்கள். அன்றைய குளம்படி, புதுச் சாணம் இருக்கிற பாதை நல்ல பாதை. குறுக்கு வழி என்று தோன்றும் ஒடுங்கிய மிருகப் பாதைக்குள் போகாதீர்கள். பட்டிக்காரர் ஒருவரைச் சம்பளம் பேசி வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. எந்தப் பாதையில் யானை நிற்கிறது, எது முள் மூடிவிட்டது என்பது அவர்களுக்கு அந்தக் கிழமைக் கணக்கில் தெரியும்.

இன்னொன்று. 2007 வரை சண்டை நடந்த காடு இது. மட்டக்களப்பு மாவட்டம் 2017 ஜூனில் மிதிவெடி அற்றது என்று அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் துருப்பிடித்த உலோகம் எதைக் கண்டாலும் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, இடத்தைக் குறித்து பொலிஸ் இலக்கம் 119க்குச் சொல்லுங்கள்.

அனுமதி: கிரானில் உள்ள கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகத்திலும் வன இலாகா அலுவலகத்திலும் ஒரு கிழமைக்கு முன் கேளுங்கள். வாயால் சொன்னது காணாது, எழுத்தில் வாங்குங்கள்.

மருதமுனை_பறவை

பெயரிலும் ஒரு கவனம். தொப்பிகல என்று செய்தியில் வருவதும் குடும்பிமலை என்று நாம் சொல்வதும் ஒன்றுதான், வெள்ளைக்காரன் வரைபடத்தில் பாரன்ஸ் கப். ஃபிரையர்ஸ் ஹூட் வேறு மலை. சியம்பலாண்டுவையில் உள்ள கோவிந்தகலையை வெஸ்ற்மின்ஸ்ரர் அபே என்றார்கள், அது 558 மீற்றர். கிழக்குக் கரையோரம் போகும் கப்பல்காரர் கடலில் நின்று திசை பிடிக்க, வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. கூகிளில் பெயரை மட்டும் போட்டுத் தேடிப் பாதை இறக்கினால் வேறு மலையின் பாதை கைபேசிக்குள் வந்துவிடும். அகலாங்கு 7, நெட்டாங்கு 81 என்று தொடங்குவது மட்டும் காணாது, கிரானுக்கு மேற்கே விழுகிறதா என்று வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள் ஒன்றும் கடதாசியில் இருக்கட்டும்.

கல்லாறு_நடை

கயிறு பற்றி. 25 மீற்றர் கொண்டு போங்கோ, 10 மி.மீ. தடிப்பில் பின்னல் கயிறு. கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலக் கயிறு வேண்டாம். அது வழுக்கும், முடிச்சு தானாக இளகும், வெயிலில் கிடந்தால் நார் முறியும். கயிற்றில் தொங்கி ஏறுவதற்கு இல்லை, இறங்கும்போது பிடித்துக்கொள்ள. கட்டுவது தொடை மொத்தம் உள்ள பச்சை மரத்தில், அடியில். காய்ந்த மரம் பார்க்க உறுதியாக இருக்கும், வேர் உளுத்திருக்கும்.

கல்லைப் பற்றி விளங்கிக்கொண்டால் பாதி விழுகையைத் தவிர்க்கலாம். நம்ம பக்கத்துக் கல் விஜயன் தொகுதி என்று புவியியலில் சொல்லும் பழைய நைஸ் பாறை. வெயிலிலும் மழையிலும் வெங்காயம் போல மேல் தோல் தோலாக உரியும். உரிந்த தகடு பார்க்கப் படி போல இருக்கும். கால் வைக்க முன் குதிக்காலால் தட்டுங்கோ. பொந்துச் சத்தம் கேட்டால் அதில் பாரம் போடாதே. கல்லில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஓடும். அது மழைத்தண்ணீர் ஓடும் வழி, பாசி. காய்ந்திருந்தால் பிடிக்கும், ஒரு சொட்டு விழுந்தாலும் எண்ணெய். வெளிறிய சொரசொரப்பான கல்லில் போங்கோ.

மாணாப் புல்லைப் பிடித்து ஏற வேண்டாம். சரிவுக் கல்லில் அது மண்ணில்லாமல் பாய் போலப் படர்ந்திருக்கும், இழுத்தால் பாயோடு கையில் வரும். இலுக்குப் புல் உள்ளங்கையை வெட்டும், தோட்டத்துக் கையுறை ஒரு சோடி போதும்.

விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். முழங்கால் தளர்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், உச்சி கண்டாச்சு என்ற நினைப்பில் கவனம் குறையும். சரிவில் முதுகைக் கல்லுக்குக் கொடுத்து உட்கார்ந்து வழுக்குவதை விட, கல்லைப் பார்த்துத் திரும்பிக் கையும் காலும் ஊன்றி இறங்குங்கோ. ஒருவர் கீழே போய் ஒதுங்கிய பிறகுதான் அடுத்தவர். மேலே நிற்பவர் தட்டிய கல் கீழே நிற்பவரின் தலையில்தான் விழும்.

பட்டிமேடு

உச்சியில இரவு தங்குறது பற்றி: தங்க வேணாம். தண்ணி இல்ல, அனுமதி வேற கேக்கோணும், நெருப்பு மூட்ட ஏலாது. ஆவணியில காஞ்ச மாணாப் புல்லுல ஒரு பொறி விழுந்தாக் கச்சான் காத்து அதை எங்க கொண்டு போகும் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. சிகரெட் குடிக்கிறவங்க கீழேயே விட்டுட்டு வரட்டும். அந்தப் புல்லைத்தான் மாடு தின்னுது.

சாப்பாடு: பால் விட்ட கறி, தேங்காய்ப்பூச் சம்பல் கட்டினா 10 மணிக்குள்ள புளிச்சுப் போகும். பேரீச்சம்பழம், எள்ளுருண்டை, உப்புப் போட்ட கச்சான் கடலை காணும். அவிச்ச மரவள்ளி நல்லது. குரங்கு பையைத் திறக்கும், வெளியில தொங்க விடாதீங்க. பொலித்தீன் ஒண்டையும் அங்க விடாதீங்க, மாடு தின்டு வயிறு ஊதிச் சாகுது.

உறுகாமம்

பாம்பு: கண்ணாடி விரியன், எட்டடி விரியன், நாகம், சுருட்டை விரியன் எல்லாம் நம்ம பக்கம் உண்டு. கல்லிடுக்கில் கண் பார்க்காமல் கை வைக்காதீர்கள். கணுக்கால் மூடும் சப்பாத்து, தடித்த நீளக் காற்சட்டை. கடித்தால் வெட்டாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. மோதிரம், வளையல், மணிக்கூட்டைக் கழற்றி, கடித்த உறுப்பை ஆடாமல் கம்பு வைத்துக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நச்சு முறிப்பு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, வழியில் வேறு எங்கும் நிறுத்த வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை.

தூக்குவது எப்படி என்று இப்போதே ஒருமுறை வீட்டு முற்றத்தில் செய்து பாருங்கள். இரண்டு சாரம், ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடிய இரண்டு கம்பு. கம்புகளைச் சாரத்துக்குள்ளால் செருகினால் தூக்குக் கட்டில். நாலு பேர் தூக்க, ஒருவர் முன்னால் பாதை பார்க்க வேணும். 6 பேர் என்பது அதற்குச் சரியான எண்ணிக்கை, 4 பேருக்குக் குறைந்தால் போகவே கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம், ஆனால் வாகனம் வரும் வீதிவரைதான் வரும். யானைப் பிரச்சினைக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992.

வெயில் மயக்கத்தில் ஆள் பிதற்றத் தொடங்கினால் அது களைப்பு இல்லை, உயிராபத்து. நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் நனைத்து விசிறுங்கள். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். பனடோல் இந்தச் சூட்டை இறக்காது.

வாவிக்கரை

எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிய திட்டம்:

முதல் நாள் இரவு வாழைச்சேனையில் தங்கல். எரிபொருள் பிரதான வீதியிலேயே நிரப்புவது. விடியும்போது புலிபாய்ந்தகல். பட்டிக்காரர் ஒருவர் வழிகாட்டி, ஆக 7 பேர். 7 மணிக்கு நடை, 10.30க்குத் திரும்புவது, 1 மணிக்கு அடிவாரம். தண்ணீர் 35 லீற்றர், அதில் 7 லீற்றர் வாகனத்தில். ஜீவனி 14 பைக்கற். 25 மீற்றர் கயிறு, சாரம் 2, கையுறை, விசில் ஆளுக்கு ஒன்று, டோர்ச் ஆளுக்கு ஒன்று, பவர் பாங்க் 10,000 mAh. சந்திகளில் துணிக் கீலம் கட்டி, திரும்பும்போது அவிழ்ப்பது.

முதிரைக்காடு

இப்போது சரி. இரண்டு திருத்தம். கிரானில் ஒருவரிடம் பெயர்கள், வாகன இலக்கம், போகும் பாதை எழுதிக் கொடுங்கோ. பின்னேரம் 5 மணிக்கு உங்கள் அழைப்பு வராவிட்டால் அவர் பொலிஸுக்கும் வன இலாகாவுக்கும் சொல்ல வேணும். “கொஞ்சம் பார்ப்போம்” என்று 8 மணிவரை பொறுக்கக் கூடாது, இருட்டில் ஒருவரும் தேடி உள்ளே வரமாட்டார்கள். கைபேசியை விமான நிலையில் போட்டுக்கொண்டு நடவுங்கோ, கவரேஜ் தேடித் தேடியே பற்றரி இறங்கிவிடும்.

துணிக் கீலம் சிவப்பு வேண்டாம். ஆவணிக் காட்டில் காய்ந்த இலை எல்லாம் செம்மண் நிறம், பத்து அடி தள்ளி நின்றால் தெரியாது. வெள்ளை அல்லது நீலம், கண் உயரத்தில், திரும்பி வரும் பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும்படி கட்டுங்கோ. போகும் பக்கத்தில் இருந்து தெரிந்து பயனில்லை.

வாவிக்கரை

நீலம் வாங்குகிறேன். எத்தனை கட்டுகிறோம் என்று எண்ணி எழுதிவைத்து, அவிழ்க்கும்போது சரிபார்க்கிறோம்.